தூக்குப்போசி சென்ற பாதை

மேற்கே வெள்ளியங்கிரி மலைத்தொடர் நிற்க, அதன் சரிவுகளில் பிறக்கும் ஓடைகள் ஒன்றுசேர்ந்து நொய்யல் என்ற பெயரோடு கிழக்கு நோக்கிப் பாயத் தொடங்குகிற சமவெளியில், வாழையும் மஞ்சளும் பாக்கும் காய்கறியும் விளைகிற தொண்டாமுத்தூரிலிருந்து கோயம்புத்தூர் நகரத்துக்குச் சுமார் பத்து மைல் தூரம் இருக்கும். இந்தப் பத்து மைலின் அரசியல் சரித்திரத்தை அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். சேரர், சோழர், மைசூர் மன்னர், கும்பினியார் என்று அது ஆட்சிகளின் வரிசையாகப் போகிறது. ஆனால் இதே பாதையில் விடியுமுன் புறப்பட்டுப் பொழுது சாய்ந்து திரும்பிய சாமானிய ஜனங்கள் தங்கள் மத்தியான ஆகாரத்தை எதில் வைத்து, எப்படிக் கட்டி, எங்கே உட்கார்ந்து உண்டார்கள் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது பெரும்பாலும் அடுக்களையில் ஸ்திரீகள் ஒருவருக்கொருவர் வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்த சிறுசிறு யுக்திகளின் சரித்திரமாகையால் ஏட்டில் ஏறவில்லை. அந்த யுக்திகளை நிதானமாக விசாரித்துப் பார்த்தால், ஆலைச் சங்கும் ஆபீஸ் கடிகாரமும் மோட்டார் பஸ்ஸும் கொங்குநாட்டுக் குடியானவர் வாழ்வில் நுழைந்த காலத்தில் அவற்றுக்கும் வயிற்றுக்கும் இடையே சமாதானம் செய்துவைத்தவர்கள் யார் என்பது விளங்கும்.

வழிப்பிரயாணத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போவது தமிழ்நாட்டில் மிகப் பழைய சம்பிரதாயம். திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துபோன திருநாவுக்கரசர் பசியால் வாடியபோது இறைவன் பொதிசோற்றோடு எதிர்ப்பட்டதாகவும், திருக்குருகாவூர் வழியில் சுந்தரருக்குக் கட்டமுதும் தண்ணீரும் அளித்ததாகவும் பெரியபுராணம் கூறுகிறது. தெய்வத்தின் அருளையே ஒரு சோற்று மூட்டையின் வடிவத்தில் காண விரும்பிய சமுதாயம், வெயிலில் நடப்பவனுடைய பசியை எவ்வளவு கௌரவமாக மதித்திருக்க வேண்டும்! அதே சுந்தரரைத் திருமுருகன்பூண்டியில் வேடர்கள் மறித்துப் பொருளைப் பறித்தார்கள் என்ற கதை, கொங்குநாட்டு வழிகளில் இருந்த அச்சத்தையும் சொல்லிவிடுகிறது. பேரூருக்குத் தெற்கே சுண்டக்காமுத்தூர் அருகில் காணப்படும் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமாகச் சென்ற ஒரு நெடும்பாதைக்குப் பெயரும் காவலும் இருந்ததற்குச் சாட்சி. காவல் இருந்தாலும் சோறு கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லாத பாதைகளில், தோளில் தொங்கிய மூட்டையே பிரயாணிக்குச் சத்திரமாக இருந்தது.

கொங்குநாட்டில் இந்தக் கட்டுச்சோறு பிரயாணத்துக்கு மட்டும் உரியதன்று. கர்ப்பிணியாக இருக்கும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வருகிறவர்கள் விதவிதமான சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு வந்து விருந்து வைப்பதற்கே கட்டுச்சோறு என்று பெயர். ஆடிப் பதினெட்டில் நொய்யற்கரையில் பேரூர்ப் படித்துறைக்கு வருகிற குடும்பங்களும், தைப்பொங்கலை ஒட்டிப் பூப்பறிக்கும் நோம்பிக்கு ஆவாரம்பூ தேடிக் கிளம்புகிற பெண்களும் அவரவர் மூட்டையோடுதான் போவார்கள். ஆகவே, ஆறேழு மணி நேரம் கெடாமல் இருக்கும்படி ஆகாரம் தயாரிக்கும் வித்தை, ஆலைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பக்கத்து அடுக்களைகளில் பூரணமாக இருந்தது என்று கொள்ளலாம்.

அந்த வித்தைக்குக் கடுமையான பரீட்சை வைத்தது வெள்ளியங்கிரி யாத்திரை. மாசி மாதத்துச் சிவராத்திரி தொடங்கிச் சித்திரை முடிய, பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளை மூங்கில் தடியூன்றி ஏறுகிறவர்கள், கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை ஆகிய இடங்களில் தண்ணீரைப் பெறலாமேயன்றிச் சோற்றை எதிர்பார்க்க முடியாது. மலை உச்சியின் குளிர், அடிவாரத்தின் கோடை வெப்பம் இரண்டையும் தாங்க வேண்டிய ஆகாரம் அது. புளிச்சோற்றுக்கு நல்லெண்ணெயைத் தாராளமாக விட வேண்டும், வெங்காயமும் தேங்காயும் கலக்கக் கூடாது, சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆவி முழுவதும் அடங்கிய பிறகே கட்ட வேண்டும் என்பன போன்ற விதிகள் யாரோ ஒருவர் புத்தியிலிருந்து உதித்தவை அல்ல. பல தலைமுறை யாத்ரிகர்கள் கெட்டுப்போன மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்துக் கற்ற பாடங்கள். சூடாகக் கட்டிய சோற்றின் ஆவி உள்ளேயே நீராகி, அந்த ஈரத்தில் சோறு நைந்து ஊசிப்போகிறது. எண்ணெய் சோற்றின்மேல் படிந்து காற்றைத் தடுக்கிறது. புளியின் காடியும் உப்பும் கிருமிகளை வளரவிடுவதில்லை. இக்காரணங்களை அறிந்து சொல்லும் சாஸ்திரம் பிற்காலத்தில் வந்தது. அனுஷ்டானம் முன்பே இருந்தது. கட்டுவதற்கு வாழையிலைக்குப் பஞ்சமில்லை. இலையைத் தணலில் லேசாக வாட்டினால் நரம்பு தளர்ந்து எப்படி மடித்தாலும் கிழியாது. பாக்குத் தோப்புகள் நிறைந்த இந்த அடிவாரத்தில், ஊறவைத்த பாக்குமட்டையும் அதே காரியத்துக்குப் பயன்பட்டது. மோரையும் தண்ணீரையும் சுரைக்குடுக்கையில் எடுத்துச் சென்றார்கள்.

ஊரில் இருந்த நாட்களின் ஆகாரமோ முற்றிலும் வேறு. 1800-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூர்ப் பிரதேசத்தைச் சுற்றிப்பார்த்த பிரான்சிஸ் புக்கானன், இங்கே கம்பு, சோளம், ராகி முதலான புன்செய்த் தானியங்களின் சாகுபடியை விரிவாகக் குறித்து வைத்திருக்கிறார். சித்திரைச்சாவடி அணையும் அதன் வாய்க்காலும் நீர் கொடுக்கிற நொய்யற்கரை வயல்களிலும் குளத்துப் பாசன நிலங்களிலும் நெல் விளைந்தது உண்மை. ஆயினும் மேட்டுநிலத்துக் குடியானவருக்கு அரிசிச்சோறு நோம்பி நாளின் விசேஷமே. இரவில் ஆக்கிய கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்து, விடிந்ததும் மோர் விட்டுக் கரைத்துச் சின்னவெங்காயத்தோடு குடிப்பதும், மத்தியானம் ராகிக்களியும் கடைந்த கீரையும் அல்லது கொள்ளுப்பருப்பும் உண்பதும் தினசரி நியதி. விடியுமுன் கிணற்றில் கவலை ஓட்டத் தொடங்கி, வெயில் ஏறியதும் மாடுகளை அவிழ்த்துவிடுகிறவனுக்கு உண்ணும் வேளையைச் சொன்னது வரப்பில் விழுந்த நிழல். ஆகாரம் பசியைத் தேடித் தோட்டத்துக்கே வந்தது. தலைமேல் சட்டியோடு வரப்பில் நடந்துவரும் பெண்ணைக் கண்டதும் வேலை தானாக நின்றுவிடும். பேரூரில் இறைவனே வயலில் இறங்கி நாற்று நட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. ஆனி மாதத்தில் அந்த நாற்று நடவுத் திருவிழாவும் நடந்து வருகிறது. சேற்றில் நிற்பவனுடைய உழைப்பை அவ்வளவு உயர்த்தி வைத்த நாட்டில், அதே சேற்றில் நின்ற பண்ணையாளுக்குக் கூழை எட்டத்திலிருந்து ஊற்றிய வழக்கமும் இருந்தது என்பதை மறைத்துவிட்டு இந்தச் சரித்திரத்தை எழுதுவது தர்மமாகாது.

கிராமத்தார் நகரத்துக்குப் போன காரணங்கள் அக்காலத்தில் சொற்பம்: சந்தை, வைத்தியம், கோர்ட்டு வழக்கு, கச்சேரியில் பட்டா சம்பந்தமான காரியம். மாட்டுவண்டியில் நள்ளிரவுக்குப் பின் புறப்பட்டு, பேரூரில் ஆற்றில் குளித்து, நகரத்தில் காரியம் முடிந்ததும் புளியமர நிழலிலோ கோயில் மண்டபத்திலோ மூட்டையை அவிழ்ப்பார்கள். நகரத்தில் காப்பி கிளப்புகள் ஏற்பட்ட பின்னும் இந்த மூட்டை உடனே மறைந்துவிடவில்லை. பணச்செலவு ஒரு காரணம். பிறர் கைச்சோறு உண்ணலாகாது என்ற ஜாதிக் கட்டுப்பாடு மற்றொரு காரணம். அதைவிடக் கொடிய மூன்றாவது காரணமும் உண்டு. பல ஓட்டல்களில் சிலருக்குத் தனியிடம், வேறு சிலருக்கு உள்ளேயே நுழைய அனுமதியில்லை, கிராமத்துத் தேநீர்க் கடைகளில் தனிக்குவளை என்ற நிலையில், தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சொந்த மூட்டையைத் தவிர நகரத்தில் வேறு கதி இருக்கவில்லை. 1955-ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஓட்டல் கதவை எல்லோருக்கும் திறந்துவைத்தது. சட்டம் திறந்த கதவைக் கிராமத்துக் கடைகளில் பிறகும் பல காலம் போராடித்தான் திறந்துவைத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நிதானமான உலகத்துக்குள் 1888-இல் ஒரு புதிய சத்தம் கேட்டது. அவ்வருஷம் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவரின் முயற்சியால் கோயம்புத்தூரில் பஞ்சாலை நிறுவப்பட்டது. ஜனங்கள் அதை ஸ்டேன்ஸ் மில் என்றார்கள். அப்போது அமலில் இருந்த 1881-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் பெரும்பாலும் குழந்தைத் தொழிலாளரைப் பற்றியே பேசிற்று. வயதுவந்த ஆண்கள் எத்தனை மணி நேரம் நிற்கலாம், எப்போது உண்ணலாம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 1891-இல் வந்த சட்டம்தான் நடுப்பகலில் அரைமணி நேரம் வேலையை நிறுத்த வேண்டும் என்றும், வாரத்தில் ஒருநாள் ஓய்வு தர வேண்டும் என்றும் விதித்தது. 1911-இல் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி என்ற வரம்பு, 1922-இல் பதினொன்று, 1934-இல் பத்து என்று வேலைநேரம் மெல்ல மெல்லக் குறைந்துவந்தது. 1910-இல் லட்சுமி மில் எழுந்தது. 1932-இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும், மலிவான மின்சாரத்தின் பலத்தால் நகரத்தைச் சுற்றிலும் ஆலைகள் பெருகின. பொழுதை நிழலால் அளந்த குடியானவர் மகன், இப்போது சங்கு ஊதும் நேரத்துக்குள் ஆலை வாயிலைத் தாண்டியாக வேண்டும். அதே சங்கைக் கேட்டு, ஆலைக்குப் போகாத பெண்களும் உலை வைத்தார்கள், மாடு கறந்தார்கள்.

அரைமணி நேரத்தில் உண்டு முடிக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை, கொங்குநாட்டுச் சாப்பாட்டையே மாற்றிவிட்டது என்று நான் நினைக்கிறேன். களிக்குச் சூடு வேண்டும், ஆறினால் இறுகிவிடும். கூழைத் தூக்கிக்கொண்டு பத்து மைல் நடக்க இயலாது. ராத்திரி ஆக்கிய சோற்றை மாற்றிக் காலையில் ஆக்கிய அரிசிச்சோறும், சோற்றோடு குழம்பும், தனியாக ஒரு பொரியலும் என்ற ஏற்பாடு, கூலி ரொக்கமாகக் கிடைத்ததும் ஒவ்வொரு வீட்டிலும் மெல்ல நுழைந்தது. அரிசிச்சோறு அந்தஸ்தின் அடையாளமாகவும் கருதப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தஸ்து மட்டுமே காரணமாக இருந்திருந்தால், மாற்றம் இத்தனை வேகமாக நடந்திராது. பகல் ஷிப்டுக்குப் போகிறவனுக்கு அதிகாலைச் சமையல், அரை நைட்டுக்குப் போகிறவனுக்கு மத்தியானச் சமையல், முழு நைட் முடிந்து வருகிறவனுக்கு விடிந்ததும் சுடுசோறு என்று, அண்ணனும் தம்பியும் வெவ்வேறு ஷிப்டில் இருந்த வீட்டில் அடுப்பு அணையவே அணையாது. சட்டம் ஆலைக்குள் இருந்தவனுடைய நேரத்தை எண்ணியது. மூன்று மணிக்கு எழுந்து விறகை ஊதியவளுடைய நேரத்தை எந்தச் சட்டமும் எண்ணவில்லை. ரீலிங் பகுதியில் வேலை செய்த பெண்களோ அடுப்படியை முடித்துவிட்டு ஆலைக்கும் வந்தார்கள்.

இனி, பாத்திரத்தின் கதை. ஆரம்பத்தில் மில் தொழிலாளி கொண்டுபோனது பித்தளைத் தூக்குப்போசி. கைப்பிடி வளையமும் இறுக்கமான மூடியும் கொண்ட இந்தப் போசிக்குப் புளியும் மோரும் ஜன்ம விரோதிகள். அவை பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும், உண்டவனுக்கு வாந்தி வரும். ஆகையால் உள்ளே ஈயம் பூசுவது அவசியம். தெருவோரத்தில் துருத்தியோடு உட்கார்ந்து, பழுக்கக் காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயக்குச்சியைத் தேய்த்துத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றும் தொழிலாளியைச் சுற்றிக் குழந்தைகள் கூடி நிற்பார்கள். பூசிய ஈயம் தேய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்வது இல்லத்தரசியின் பொறுப்பு. அசிரத்தை செய்தால் ஒரு குடும்பத்தின் கூலியே நின்றுபோகும். 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் தொடங்கிவைத்த அலுமினியப் பாத்திரத் தொழில், பிற்பாடு ஏழைகளுக்கு இலேசான, மலிவான பாத்திரத்தைக் கொடுத்தது. அதிலும் புளிக்குழம்பை நெடுநேரம் வைப்பது உசிதமல்ல. 1913-இல் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி கண்டறிந்த துருப்பிடிக்காத எஃகு, எவர்சில்வர் என்ற பெயரோடு நம் வீடுகளுக்கு வந்த பிறகுதான் களிம்பு பயமும் ஈயம் பூசும் செலவும் ஒருங்கே ஒழிந்தன. மூன்றடுக்கு, நான்கடுக்கு டிபன் கேரியர் சீர்வரிசையில் இடம்பெற்றது அப்போதுதான். குழம்பு கசியாதிருக்க, வாட்டிய வாழையிலைத் துண்டைக் கிண்ணத்தின் வாயில் வைத்து அதன்மேல் மூடியை அழுத்தும் பழைய யுக்தி மட்டும் பித்தளையிலிருந்து எவர்சில்வருக்கு அப்படியே வந்து சேர்ந்தது. இன்றும் அதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தெரியவில்லை.

நடந்து சென்றவர்களுக்குச் சைக்கிள் வாய்த்தது. கைப்பிடியில் தூக்குப்போசி ஆட, டைனமோ விளக்கின் வெளிச்சத்தில் வரிசையாகச் செல்லும் தொழிலாளர் கூட்டம் கோவைச் சாலைகளின் நித்தியக் காட்சியாக இருந்தது. மேற்கிலிருந்து நகரத்துக்குப் போகிற சைக்கிள்காரருக்கு ஆனி, ஆடி மாதங்களில் ஒரு சௌகரியமும் ஒரு கஷ்டமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வீசும் மேல்காற்று காலையில் முதுகைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடும். நாள் முழுதும் நின்று களைத்த மாலையில் அதே காற்று எதிர்த்து மார்பில் அறையும். அனுபவசாலிகள் காலையில் சாவகாசமாகவும் மாலையில் நான்கைந்து பேர் ஒருவர் பின் ஒருவராகவும் சென்று, முன்னால் போகிறவர் களைத்ததும் இடம் மாற்றிக்கொள்வார்கள். போசியைக் கைப்பிடியில் தொங்கவிடாமல் பின் காரியரில் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டுவது நல்லது என்பதும் அவர்கள் சொல்லும் யோசனையே. ஆடுகிற போசியால் குழம்பும் சிந்தும், வண்டியும் தடுமாறும்.

மோட்டார் பஸ் வந்த கதை கோயம்புத்தூர் ஜில்லாவுக்கே பெருமை தருவது. 1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். 1931-இல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டை ஆரம்பித்தார். 1972-இல் சேரன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டபோது, அரசாங்க பஸ் இந்தப் பக்கத்து ஜனங்களின் அன்றாட வாகனமாயிற்று. தொண்டாமுத்தூரிலிருந்து வடவள்ளி வழியாக லாலி ரோட்டை நோக்கிச் செல்லும் சாலையில், விவசாயக் கல்லூரியிலும் 1912-இல் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலும் வேலை பார்த்தவர்கள், பள்ளி ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், பூக்கூடைக்காரர்கள், காய்கறி மூட்டையோடு செல்லும் குடியானவர்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.

இந்த வழியில் தினம் போய்வருகிறவர்கள் சூரியனைக் கணக்கிட்டு ஆசனம் பிடிப்பார்கள். காலையில் பஸ் கிழக்கே போகிறது, மாலையில் மேற்கே திரும்புகிறது. இரு வேளையும் சூரியன் எதிரிலேயே நிற்கிறான். ஆயினும் கார்த்திகை முதல் மாசி வரை அவன் தெற்கே ஒதுங்கி உதித்துத் தெற்கே ஒதுங்கி மறைகிறான். ஆகையால் அம்மாதங்களில் போகும்போது இடப்புற ஜன்னலும் வரும்போது வலப்புற ஜன்னலும் நிழலாக இருக்கும். வைகாசி முதல் ஆடி வரை இந்தக் கணக்கை அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாத பூக்காரப் பாட்டியும் இதை அறிந்திருந்தாள்.

பஸ்ஸின் நெரிசலிலிருந்து பிறந்த ஒரு வழக்கத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நிற்க இடமில்லாத கூட்டத்தில், நிற்பவர் தம் டிபன் கேரியரை உட்கார்ந்திருப்பவரிடம் நீட்டி, "ஏனுங்க, இதைக் கொஞ்சம் வெச்சுக்கறீங்களா?" என்பார், மறுவார்த்தை பேசாமல் அவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். முன்பின் அறியாத மூன்று நான்கு குடும்பங்களின் மத்தியானச் சோறு ஒரே மடியில் அடுக்கப்பட்டு, அதன் சூடு பட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பவர் நகரம் வரை வருவார். யார் ஜாதி என்ன என்று அந்த மடி கேட்பதில்லை. மூட்டையைப் பிறர் தொட்டால் தீட்டு என்று கருதிய பாட்டனாருடைய பேரன், அதே மூட்டையை முகம் அறியாதவர் கையில் நம்பிக்கையோடு கொடுக்கிறான். சட்டங்களும் பிரசங்கங்களும் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றோடு டவுன் பஸ்ஸையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன். இவ்விஷயத்தில் பிரயாணிகள் கைக்கொள்ள வேண்டிய மரியாதைகள் இரண்டே: கசியக்கூடிய பாத்திரத்தைப் பிறர் மடியில் கொடுக்கலாகாது, இறங்குமிடத்துக்கு முந்திய நிறுத்தத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆலைகளிலும் ஆபீஸ்களிலும் உண்ணும் முறையும் இதற்குள் ஒழுங்குபட்டிருந்தது. 1949 ஏப்ரலில் அமலுக்கு வந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளியின்றி வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரைமணி ஓய்வு தர வேண்டும், இருநூற்றைம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உணவு விடுதியும் நூற்றைம்பது பேருக்கு மேல் இருந்தால் உண்பதற்குத் தனியிடமும் அமைக்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. 1955-இல் கோவையில் பி. சபாபதி என்பவர் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கியதன் பலன் முதலில் ஓட்டல்களிலும் பிறகு வீடுகளிலும் தெரிந்தது. தீபாவளிக்கும் அமாவாசைக்கும் மட்டும் ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவு தினசரி மாவாயிற்று. இட்லி டிபன் கேரியருக்குள் புகுந்தது. இட்லிக்குத் தேங்காய்ச் சட்டினி கொண்டுபோனால் பதினொரு மணிக்கே வாடை மாறும். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இருபுறமும் தடவி வைத்தால் மாலை வரை மெத்தென்று இருக்கும். தயிர்ச்சோற்றுக்கு உரிய இரகசியம் வேறு. சோறு சூடாக இருக்கும்போதே நன்றாக மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக விட்டு, ஆறியபின் ஒரே ஒரு கரண்டித் தயிரைக் கலந்து மூடிவிட வேண்டும். பிரயாணத்திலும் ஆபீஸ் அலமாரியிலும் அது தானாக உறைந்து, உண்ணும் வேளையில் புளிக்காத தயிர்ச்சோறாக இருக்கும். காலையிலேயே முழுவதும் தயிர் விட்டுப் பிசைந்தவர் மத்தியானத்தில் முகம் சுளிப்பார்.

ஆபீஸில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து மூடிகளைத் திறக்கிற அந்த அரைமணி, கொங்குநாட்டுச் சமையல் மற்றப் பிரதேசத்தாருக்கு அறிமுகமான இடம். தஞ்சாவூர்க்காரர் வத்தக்குழம்பையும், திருநெல்வேலிக்காரர் துவையலையும், பாலக்காட்டுக்காரர் எரிசேரியையும் கொண்டுவர, நம்மவர் கொள்ளுப்பருப்பையும் செலவு ரசத்தையும் பச்சைப்புளி ரசத்தையும் எடுத்து வைத்தார். ஒருவர் பதார்த்தத்தைச் சுவைத்தால் நம்முடையதையும் முதலில் நீட்டிவிட வேண்டும். ஒருவர் தினமும் ஊறுகாயோடு மட்டும் வந்தால் காரணம் கேட்காமல் ஒரு கரண்டிப் பொரியலை அவர் மூடியில் வைத்துவிட வேண்டும். உண்டவுடன் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திறந்தபடி உலரவிட வேண்டும், இல்லையேல் மாலை பஸ்ஸில் அதை மடியில் வைத்திருப்பவர் துன்பப்படுவார். இவற்றை யாரும் எழுதி ஒட்டவில்லை. புதிதாக வேலைக்கு வந்தவர் ஒரு வாரத்தில் தாமாகவே கற்றுக்கொண்டார்.

இன்று தொண்டாமுத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் கணினி நிறுவன ஊழியர்களாகவும் அதே பாதையில் அதிகாலையில் புறப்படுகிறார்கள். மூன்று மணிக்கு எழுந்து பிறருக்குக் கட்டிக்கொடுத்தவளின் பேத்தி, தனக்கும் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். ஆகவே, அந்த அடுப்பின் முன் நிற்கும் முறை ஆண்களுக்கு வந்திருப்பது நியாயமே. பல வீடுகளில் வந்தும்விட்டது. புதிதாகப் பழகுகிறவர்கள் அரிசியும் பருப்பும் சாதத்திலிருந்து தொடங்குவது உத்தமம். அது இந்த மண்ணின் சொந்தப் பதார்த்தம்; ஒரே பாத்திரத்தில் முடிவது; குழம்பு, பொரியல் வேண்டாதது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு எடுத்துக் கழுவி ஊறவைத்து, எண்ணெயில் கடுகும் சீரகமும் வெடித்ததும் வரமிளகாய், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, உரித்த சின்னவெங்காயம் ஆகியவற்றைப் போட்டு வதக்கி, தக்காளியும் மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, பங்குக்கு மூன்று பங்காகத் தண்ணீர் ஊற்றிக் கொதித்தபின் அரிசியையும் பருப்பையும் கொட்டி மூட வேண்டும். வெந்து இறக்கியதும் ஒரு கரண்டி நெய் விட்டுக் கிளறித் தட்டில் ஆறவிட்டால், குளித்து உடுத்தி வருவதற்குள் கட்டுவதற்குத் தயாராக இருக்கும். வெங்காயம் சேர்ந்த சோறாகையால் மத்தியானத்துக்குள் உண்டுவிட வேண்டும், மாலைக்கு வைக்கலாகாது.